பொருட்காட்சியில் சீமைப் பாலம்

லோடு இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் கோவில்பட்டி பொருட்காட்சிக்குள் நுழைகிறேன். இங்கிலாந்துக் கடற்கரையிலிருந்து கடலுக்குள் நீளும் பாலம் ஒன்றைப் போல மரத்தால் உயரமாகக் கட்டியிருக்கிறார்கள். அங்கே கப்பலில் வருகிறவர்கள் இறங்குவதற்காகக் கட்டியதாம். பிறகு ராட்டினமும் பாட்டுமாக வேடிக்கை இடமாகிவிட்டதாம். புயலில் ஒடிந்தும் தீயில் கருகியும் திரும்பத் திரும்பக் கட்டினார்கள் என்று பலகையில் எழுதியிருக்கிறது.

மழை பிடித்துக்கொள்கிறது. பொருட்காட்சிக்கு இன்றுதான் முதல் நாள். கூட்டம் ஓடிவிடும் என்று டிக்கெட்காரர் தலையில் கை வைக்கிறார். ஒருவரும் ஓடவில்லை.

"நனையுதீங்களேம்மா?" என்று பக்கத்துக் கிராமத்து அம்மா ஒருவரிடம் கேட்கிறேன்.

"புழுதியில விதைச்சிட்டு இதுக்குத்தான காத்துக் கெடந்தோம், அண்ணாச்சி! ஏ புள்ளைகளா, மேல ஏறுங்க! நம்ம புஞ்சைப் பக்கம் மழை இறங்குதான்னு பாப்போம்!"

பாலம் நிறைந்துவிட்டது. டிக்கெட்காரர் குடையைக் கீழே போட்டுவிட்டு வேகவேகமாகச் சீட்டுக் கிழிக்கிறார். மேலிருந்து அந்த அம்மாவின் சத்தம் கேட்கிறது.

"இறங்குது! இறங்குது!"