வெள்ளிக்கிழமைத் துவையல்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அந்த வாயால்தான் மூன்று பேருக்கான கட்டுச்சோறு ஒரு நாள் என் தலையில் வந்து விழுந்தது.

அறுபதுகளின் தொடக்கம் அது. புதுக்கோட்டையில் ஓர் ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் நான் நாலாம் வகுப்பு டீச்சர். என் வயதில் அங்கே இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தி ஒன்றாம் வகுப்புக்கு, மற்றவள் மூன்றாம் வகுப்புக்கு. எங்களுக்குள் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கமே போய்விட்டது. ஒண்ணாப்பு, மூணாப்பு, நாலாப்பு, அவ்வளவுதான். கடைத்தெருவில் நான் "ஏய் மூணாப்பு!" என்று கத்தினால் போகிற வருகிறவர்கள் நின்று பார்ப்பார்கள்.

ஒண்ணாப்பு திருவரங்குளத்துப் பக்கம் விவசாயக் குடும்பத்துப் பெண். ஆடு, கோழி, நண்டு எதையும் விட்டுவைக்க மாட்டாள். மூணாப்பு சுத்த சைவம். முட்டை ஓடுகூட அவள் வீட்டு வாசலைத் தாண்டியதில்லை. நான் ஆவூர்ப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். அய்யா ஊரில் வயலைப் பார்த்துக்கொள்ள, எனக்குத் துணையாக ஆத்தா டவுனில் வாடகை வீட்டில் இருந்தாள்.

மூணாப்புக்கும் எனக்கும் எல்லாம் பொது. புடவை மாற்றிக் கட்டிக்கொள்வோம். என் வகுப்பு நோட்டை அவள் திருத்துவாள், அவளுக்கு ஜுரம் என்றால் அவள் வகுப்பையும் சேர்த்து நான் மேய்ப்பேன். சாப்பாடு மட்டும் கிடையாது. மத்தியான மணி அடித்ததும் பெஞ்சை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தன் கேரியரைத் திறப்பாள். கவிச்சி சாப்பிடுகிறவர்களோடு பந்தி வைத்துக்கொள்ளக் கூடாது என்று அவளுடைய அம்மா சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவள் முகத்தில் ஒரு சுளிப்பும் இருக்காது. சாப்பிட்டு முடித்துத் திரும்பி, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வாள். ஆனாலும் எனக்கு வலிக்கும். இரண்டு வருஷம் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே நான் சோறு தின்றிருக்கிறேன்.

அரைப்பரீட்சை லீவில் மூவரும் ஆவுடையார்கோவில் போய் வருவது என்று முடிவாயிற்று. காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் வீடு திரும்பிவிடலாம். சாப்பாட்டுப் பேச்சு வந்ததும் மூணாப்பு சாதாரணமாகச் சொன்னாள். "நான் எனக்கு மட்டும் கட்டிக்கிட்டு வந்துர்றேன்."

எனக்கு எங்கிருந்துதான் அத்தனை கோபம் வந்ததோ. "ஏன்டி, அங்க போயும் எங்களுக்கு முதுகைக் காட்டித்தான் உக்காருவியா? பூராச் சைவமா நான் சமைக்கிறேன். புதுச் சட்டி, புது அகப்பை. அப்பவும் என் கையால திங்க மாட்டியா?"

அவள் மறுநாள் வந்து சொன்னாள். "அம்மாகிட்டக் கேட்டேன். போயிட்டு வான்னுட்டாக. ஆனா ஒரு துளி கவிச்சி கலந்துச்சுன்னு தெரிஞ்சா, அந்தப் பிள்ளையோட சகவாசமே ஒனக்கு வேணாம்னு சொல்லிட்டாக."

ஆழம் தெரியாமல் காலை விட்டுவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. சமைத்தால் ஜெயித்தேன், சறுக்கினால் சிநேகிதியையே இழந்தேன். பின்வாங்கவும் என் திமிர் விடவில்லை.

ஒரு வாரம் எங்கள் வீடு பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. புதிதாக இரண்டு மண்சட்டி வாங்கி, வடிகஞ்சி ஊற்றி ஊற்றிப் பழக்கினேன். கொட்டாங்கச்சி அகப்பை புதிது. எங்கள் டிபன் கேரியர் எத்தனை மீன் குழம்பைச் சுமந்ததோ என்று அதை ஒதுக்கிவிட்டு, பனையோலைக் கொட்டான் ஒன்று வாங்கினேன். அம்மிதான் பெரிய சங்கடம். புதிது வாங்க வழியில்லை. சாம்பலும் புளியும் போட்டு மூன்று நாள் தேய்த்தேன். தேய்த்துவிட்டு முகர்ந்து பார்ப்பேன், திரும்பவும் தேய்ப்பேன்.

ஆத்தா வாசலில் நின்று வேடிக்கை பார்த்தாள். "என்னத்தா, ஒன்னையப் பொண்ணு பாக்க வாராகளா?" என்றாள்.

"கவிச்சி ஆகாது ஆத்தா. ஒரு துளிகூட."

"தெரியும், தெரியும். வெள்ளிக்கிழமைச் சாப்பாடு மாதிரி."

நானும் ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டு அம்மியைத் தேய்க்கப் போய்விட்டேன். அந்தத் தலையாட்டல்தான் பின்னால் என்னைக் குழியில் தள்ளியது.

புறப்படுகிற அன்று விடிவதற்குள் எழுந்தேன். புளியைக் கெட்டியாகக் கரைத்து, நல்லெண்ணெயில் கடுகு, கடலைப்பருப்பு, வரமிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம் எல்லாம் தாளித்து, எண்ணெய் பிரிகிற வரைக்கும் கொதிக்கவிட்டேன். வெந்தயத்தை வறுத்துப் பொடித்துத் தூவினேன். சோற்றை அகலமாகப் பரப்பி ஆறவிட்டுக் கிளறினேன். இன்னொரு சட்டியில் தயிர்ச்சோறு, இஞ்சியும் பச்சைமிளகாயும் போட்டது. வாழைக்காய் வறுவல் மொறுமொறுவென்று வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அதற்கு முன்னும் பின்னும் நான் அப்படிச் சமைத்ததில்லை. எல்லாவற்றையும் தனித்தனியாக வாழையிலையில் கட்டிக் கொட்டானில் அடுக்கிவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து கொட்டானைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

பஸ்ஸில் முன் சீட்டைப் பிடித்துக்கொண்டோம். ஊர் எல்லை தாண்டியதும் ஒண்ணாப்பு பாட ஆரம்பித்தாள். அவள் குரல் ஒன்றாம் வகுப்பை அடக்கிப் பழகிய குரல். "டீச்சரம்மா, கடைசி சீட்டுக்கும் கேக்குதுங்க, போதுங்க" என்றார் கண்டக்டர். அதற்கப்புறம்தான் அவள் சத்தத்தைக் கூட்டினாள். அறந்தாங்கியில் இறங்கிப் பஸ் மாறுவதற்குள் அவித்த பனங்கிழங்கு வாங்கி, நார் நாராக உரித்துத் தின்றோம். மூணாப்பும் என் கையிலிருந்து ஒன்றைப் பிடுங்கித் தின்றாள். கிழங்கு கடைக்காரி அவித்ததுதானே, அதனால் குற்றமில்லை போலும். எனக்கு அதுவே பெரிய சந்தோஷமாக இருந்தது.

கோவிலில் முன்மண்டபத்துக் கல்குதிரைகளையும் கல்லில் மடித்த கூரையையும் நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். பங்குச் சாமியார் கேட்டால் சிற்பம் பார்க்கப் போனேன் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று அதோடு நின்றுவிட்டேன். மற்ற இரண்டு பேரும் உள்ளே போய்க் கும்பிட்டு வந்தார்கள். "உள்ள சாமிக்கு உருவமே இல்லடி. சோத்தை வடிச்சுக் கொட்டி, அந்த ஆவியைத்தான் படைக்கிறாக" என்றாள் மூணாப்பு.

"சாமிக்கு ஆவி போதும். எனக்குச் சோறு வேணும், கொட்டானைப் பிரி" என்றாள் ஒண்ணாப்பு.

குளத்துக் கரையில் மர நிழலில் உட்கார்ந்தோம். மூன்று இலையும் வட்டமாக, ஒன்றை ஒன்று பார்த்தபடி. நான் புளிச்சோற்றை எடுத்து வைத்தேன். மூணாப்பு ஒரு வாய் வைத்தாள். மென்றாள்.

"யாருகிட்டடி கத்துக்கிட்ட? எங்க அம்மா புளிச்சோறு பிச்சை வாங்கணும்" என்றாள்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வாழைக்காயை எடுத்து வைக்கிற சாக்கில் குனிந்துகொண்டேன். அதற்குள் ஒண்ணாப்பு கொட்டானுக்குள் கையை விட்டுத் துழாவி, அடியிலிருந்து ஒரு சின்ன இலைப் பொட்டலத்தை எடுத்தாள். "இது என்னது, துவையலா? சொல்லவே இல்ல!" என்று மூன்று இலைகளிலும் ஒவ்வொரு உருண்டை வைத்தாள்.

நான் துவையல் அரைக்கவில்லையே என்று யோசித்தபடியே விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். வைத்ததும் தெரிந்துவிட்டது. பிறந்ததிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் நான் தின்று வளர்ந்த துவையல் அது. தேங்காய், வரமிளகாய், புளி, அதோடு ஒரு கைப்பிடி சென்னாக்கூனி. கடற்கரைப் பக்கமிருந்து சந்தைக்கு வருகிற காய்ந்த பொடி இறால். வெள்ளிக்கிழமை எங்களுக்குச் சுத்தபோசனம், கறி தொடக் கூடாது. ஆனால் மீனுக்கும் இறாலுக்கும் அந்தத் தடை கிடையாது. கவிச்சி இல்லாத சாப்பாடு என்றால் ஆத்தாவுக்குத் தெரிந்தது அந்த ஒன்றுதான். நான் குளிக்கப் போன நேரத்தில், நான் தேய்த்துத் தேய்த்து வெளுக்க வைத்த அதே அம்மியில் ஆசையாக அரைத்துக் கட்டி வைத்திருக்கிறாள்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை.

நிமிர்ந்து பார்த்தேன். ஒண்ணாப்பும் ருசி கண்டுவிட்டாள். என்னைப் பார்த்துக் கண்ணாலேயே சொன்னாள், பேசாமல் இரு என்று. அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மூணாப்பு பிறந்ததிலிருந்து கூனியைப் பார்த்ததில்லை. தின்றால் நல்ல துவையல் என்றுதான் சொல்வாள். இன்றைக்கு மட்டுமில்லை, இனி என்றைக்கும் மூவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடலாம். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். மூணாப்பு துவையலைச் சோற்றில் வைத்துப் பிசைந்து, கையை வாய்க்குக் கொண்டுபோனாள்.

பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். "திங்காத! அதுல கூனி கெடக்கு."

"என்ன கூனி?"

"எறா. காஞ்ச எறாப்பொடி. எங்க ஆத்தா எனக்குத் தெரியாம வச்சிருச்சு."

அவள் தன் கையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். இலையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு எழுந்து, குளத்துப் படியில் இறங்கிப் போனாள்.

"ஒனக்கு வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கத் தெரியாதா?" என்று ஒண்ணாப்பு என்னைத் தொடையில் கிள்ளினாள். நான் அழுதேன். ஆத்தாவின் மேல் வந்த கோபம், அம்மியின் மேல் வந்த கோபம், எல்லாம் அழுகையாகவே வந்தது. கீழே மூணாப்பு கையைக் கழுவினாள், வாயைக் கொப்பளித்தாள், திரும்பவும் கையைக் கழுவினாள். நான் பார்த்தது அந்த முதுகைத்தான்.

மேலே ஏறி வந்தவள், நாங்கள் கொண்டுவந்திருந்த இலைக்கட்டிலிருந்து புது இலை ஒன்றை உருவித் தண்ணீர் தெளித்து, அதே இடத்தில் உட்கார்ந்தாள். "புளிச்சோறு இன்னும் இருக்கா?"

"எல்லாம் ஒரே கொட்டான்லதான்டி கெடந்துச்சு" என்றேன். எனக்கே எதிராக நானே பேசினேன்.

"தனித்தனி எலையிலதான கெடந்துச்சு? எனக்குப் பசிக்குது, போடுடி."

போட்டேன். அவள் நிதானமாகச் சாப்பிட்டாள், தயிர்ச்சோறும் கேட்டு வாங்கிக்கொண்டாள். பாதியில், "நீ சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமா?" என்று கேட்டாள்.

"தெரிஞ்சிருக்காது."

"அப்பறம் ஏன்டி சொன்ன?"

அவ்வளவுதான், எனக்குப் பழைய கோபம் திரும்பிவிட்டது. "ஏன் சொன்னேனா? மூணு நாள் அம்மி தேச்சிருக்கேன்டி நான்! கையைப் பாரு, தோலு உரிஞ்சு கெடக்கு! ஒன்னைய ஏமாத்துறதுக்கா தேச்சேன்?" என்று கத்தினேன். அவள் சிரித்தாள். சிரித்துச் சிரித்துப் புரையேறி, ஒண்ணாப்புதான் தலையில் தட்டினாள். துவையல் முழுவதையும் ஒண்ணாப்பே வழித்துத் தின்று தீர்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் ஆத்தாவைப் பிடித்துக்கொண்டேன். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "மீனு எப்புடிடி கறியாகும்? வெள்ளிக்கிழமையே திங்கலாம்னு கோயில்லயே சொல்லியிருக்கு" என்றாள் உண்மையான குழப்பத்தோடு. அந்த முகத்தைப் பார்த்து மேற்கொண்டு சண்டை போட முடியவில்லை.

லீவு முடிகிற வரைக்கும் எனக்கு ஒரே பயம். மூணாப்பு எதையும் தன் அம்மாவிடம் மறைக்கிறவள் இல்லை. பள்ளிக்கூடம் திறந்த அன்று அவளே சொன்னாள். "வீட்டுக்குள்ள விடாம வாசல்லயே தலைக்கு ஊத்திட்டாக. அப்பறம் ஒக்கார வச்சு, நீ கையைப் புடிச்சதை மட்டும் மூணு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாக."

மத்தியான மணி அடித்தது. அவள் எழுந்து பெஞ்சைத் தூக்கினாள். வழக்கம்போல ஜன்னல் பக்கம் போடப் போகிறாள் என்று நான் என் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெஞ்சு என் எதிரே வந்து விழுந்தது. உட்கார்ந்து கேரியரைத் திறந்து, மேல் அடுக்கை என் பக்கம் நகர்த்தினாள். பருப்புத் துவையல்.

"ஒங்க ஆத்தாவுக்கு. துவையல்னா எப்புடி இருக்கணும்னு தெரிஞ்சுக்கட்டும்னு அம்மா குடுத்துவிட்டாக."

சாயங்காலம் அதை ஆத்தாவிடம் கொடுத்து, யார் கொடுத்தது, என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்பதையும் சொன்னேன். ஆத்தா சோற்றில் போட்டுப் பிசைந்து, கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டாள்.

"நல்லாத்தான் அரைச்சிருக்காக" என்றாள். "கொஞ்சூண்டு கூனி போட்டிருக்கலாம்."

அடுக்கை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று, கழுவி வைத்துவிட்டு எதையோ எடுக்க அடுப்படிக்குள் போனாள். நான் அதற்குள் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய், கடையில் வெல்லம் வாங்கிப் போட்டு, அப்படியே மூணாப்பு வீட்டு வாசலில் கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் காலையில் அந்த வெல்லத்தில்தான் மூணாப்பின் அம்மா காப்பி போட்டுக் குடித்தார்களாம். அதை எனக்கு எதிரே உட்கார்ந்து, வாய் நிறையச் சோற்றோடு மூணாப்பு சொன்னாள்.