மாகாண அணிக்கு எழுதிய ஜாதகம்

எங்கள் தென் ஆக்லாந்து மாகாண ரக்பி அணிக்கு ஜாதகம் கணித்த ஒரே மனிதர் என் அக்கா மரகதத்தின் கணவர் பழனிசாமி. அணியின் பெயரைச் சொல்ல மாட்டேன். அவர்கள் பட்ட பாடே போதும்.

மாமா, விரி என்ற தொழிற்பேட்டைப் பகுதியில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். ரக்பியில் பந்தைப் பின்பக்கம்தான் எறிய வேண்டும் என்பதே அவருக்கு இரண்டு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. ஜோசியம்தான் உயிர். ஆனால் சொன்னது ஒன்றாவது பலித்திருக்க வேண்டுமே! எனக்கு வெளிநாட்டு யோகமே கிடையாது என்று எழுதிக் கொடுத்த மகான் அவர். அந்தத் தாளைத்தான் பிளாட் புஷ் பகுதியில் நாங்கள் மூவரும் சேர்ந்திருக்கும் வீட்டு ஃபிரிஜ் மேல் ஒட்டி வைத்திருக்கிறேன், தினமும் பார்த்துச் சிரிக்க.

2016இல் கிடங்கு ஆட்கள் அவரை முதன்முறை மைதானத்துக்கு அழைத்துப் போனார்கள். வாசல் பக்கம், செடி மண்டிய சுவரில் ஒரு பித்தளைத் தகடு. மேல்வரிகளை இலை மூடியிருந்தது. 1956 ஏப்ரல் 14, பிற்பகல் இரண்டரை மணிக்குத் திறந்து வைக்கப்பட்டது என்பது மட்டும் தெரிந்தது. மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை.

"சித்திரை பொறந்த கையோட பொறந்த டீம், மாப்ள. ரிஷப ராசி. முட்டித் தள்ளிருவாங்க பாரு."

குரு ஐந்தில் வருகிறார், புதுப்பொலிவு உண்டு, ஊரே தேடி வரும் என்று எழுதினார். அணி வரிசையாகத் தோற்றது. அவருடைய சூப்பர்வைசர் சமோவாக்காரர், நல்ல மனிதர். திங்கட்கிழமைதோறும் "குரு எங்கே?" என்று மட்டும் கேட்பார்.

2018இல் அஷ்டமச் சனி. நீரால் கண்டம், அடைப்பு, நாலு பேர் முன்னால் அவமானம் என்று கிடங்கு நோட்டீஸ் போர்டிலேயே ஒட்டினார். அந்தப் பாவிகள் அரையிறுதிக்குப் போய்விட்டார்கள்.

அக்காவுக்குப் பொறுமை போயிற்று. "இந்தா பாருங்க, இதுல அவங்க ஜெயிச்சா உங்க பஞ்சாங்கம் ரீசைக்கிளிங் பின்னுக்குப் போகுது. அப்புறம் யாருக்கும் ஜாதகம் பாக்கக் கூடாது."

"சரி" என்றார் மாமா. முகம் செத்துப் போயிருந்தது. எனக்கே பாவமாக இருந்தது.

அரையிறுதியில் சுற்றிலும் எல்லோரும் நம் அணிக்குத் தொண்டை கிழியக் கத்த, மாமா மட்டும் கொடியை மடியில் வைத்துக்கொண்டு தோல்விக்கு வேண்டிக்கொண்டிருந்தார். இடைவேளையில் 24க்கு 3, நாம்தான் முன்னால்.

"போச்சு மாப்ள" என்று எழுந்து கழிப்பறைக்கு நடந்தார். நானும் போனேன்.

அங்கே நூறு பேர் வரிசை. உள்ளேயிருந்து தண்ணீர் வாசல்வரை வழிந்துகொண்டிருந்தது. கோட்டு போட்ட ஒருவர் ஷூவைக் கையில் பிடித்தபடி வெளியே வந்தார். பிளம்பர், அடைத்துக்கொண்ட குழாயைத் தேடிச் சுவரோரச் செடியை வெட்டித் தள்ளினார். நம் தகடு முழுசாகத் தெரிந்தது. 'இந்தக் கழிப்பறைக் கட்டடம்' என்று தொடங்கியது.

மாமா மூன்று முறை படித்தார். பிறகு பிளம்பரிடம், 2016இல் இங்கே என்ன நடந்தது என்று விசாரித்தார். புது டைல்ஸ், புது பெயிண்ட், திறப்பு விழாவுக்கு நல்ல கூட்டம் என்றார் அவர்.

மாமா என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். "பலிச்சிருச்சு மாப்ள. ஒன்னு விடாம பலிச்சிருச்சு."

ஆனால் அணி ஜெயித்துவிட்டதே. வீட்டுக்கு வந்தால் அக்கா ரீசைக்கிளிங் தொட்டியின் மூடியைத் திறந்து பிடித்தபடி நிற்கிறாள். கழிப்பறைக் கதை எதையும் காதில் வாங்கவில்லை. மாமா பஞ்சாங்கத்தை எடுக்க உள்ளே போனார்.

எனக்கு என்னவோ போல் இருந்தது. ஃபிரிஜ்ஜிலிருந்து அந்தத் தாளை எடுத்தேன். இத்தனை வருடமும் கடைசி வரியை மட்டுமே படித்துச் சிரித்தவன் முதல்முறையாக மேலேயிருந்து படித்தேன். பிறந்த தேதி என்னுடையதே அல்ல. அண்ணன் சிவசாமியுடையது. மூன்று முறை விசா கேட்டு மூன்று முறையும் மறுக்கப்பட்டு, இன்னும் ஈரோட்டிலேயே இருக்கிறான் அவன்.

தாளை அக்காவிடம் நீட்டினேன். படித்தாள். உள்ளே ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். தொட்டியை மூடினாள்.