எதிர்ப்பெட்டியில் தவசிமுத்து

ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பின்னால் இருந்த கருப்பட்டி மண்டியில், சரக்கு அடுக்கி வைக்கும் கிட்டங்கி முழுக்கத் தவசிமுத்துவின் பொறுப்பு. தூத்துக்குடிச் சரக்கு வந்து இறங்கினால், எந்தச் சிப்பம் எங்கே உட்கார வேண்டும் என்று அவர் விரலை நீட்டுவார். கூலியாட்கள் அங்கே கொண்டுபோய் வைப்பார்கள். கிட்டங்கிக்கு ஒரு முறை உண்டு. நாளைக்கே போக வேண்டியது வாசலோரம். பிந்திப் போவது நடுவில். இருப்பதிலேயே உயர்ந்த சரக்கு, கடற்காற்று எட்டாத உள்சுவரை ஒட்டி. உப்புக்காற்று பட்டால் கருப்பட்டி கசிந்துவிடும் என்பதால், நல்லது எதுவோ அது ஆழத்தில் போய் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் பிறகே வெளியே வரும்.

பதினான்கு வயதில் திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து சாக்குத் தைக்கத் தொடங்கியவர் தவசிமுத்து. இந்த முறையைப் பழகிப் பழகி வீட்டிலும் அப்படியே ஆகிவிட்டார். சோற்றில் முட்டை இருந்தால் கடைசிக் கவளத்துக்கு ஒதுக்கி வைப்பார். பண்டிகைக்கு எடுத்த வேட்டியைப் பண்டிகை முடிகிற சாயங்காலம்தான் கட்டுவார். "அதுக்குள்ள ஊரே பழசு கட்ட ஆரம்பிச்சிரும்" என்று மனைவி செல்லக்கனி சொல்லிச் சிரிப்பாள்.

அவருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் பூங்கனிக்கு எட்டு வயது. இளையவன் கைக்குழந்தை. பூங்கனி என்றால் அவருக்கு உயிர். சனிக்கிழமைதோறும் கடலை மிட்டாய் வாங்கி மடியில் கட்டிக்கொண்டு வருவார். அவள் கைகால் கழுவி, விளக்கேற்றி, படித்து முடித்த பிறகு எடுத்துக் கொடுப்பார்.

இவருடைய நிம்மதியைக் கெடுக்கவென்றே ஊரிலிருந்து வந்து சேர்ந்தவன் செல்லக்கனியின் தம்பி சிவந்தி. மண்டியில் சேர்த்துவிட்டார்; இரண்டு மாதத்தில் நின்றுவிட்டான். அப்புறம் துறைமுகத்து லாரி ஒன்றில் கிளீனராகத் தொற்றிக்கொண்டான். வந்து ஒரு வருஷம் ஆகவில்லை, ஊர்ப்பேச்சைக் கழற்றி எறிந்துவிட்டு 'இன்னா', 'கீது' என்று பட்டணத்துக்காரன் ஆகிவிட்டான். எண்ணூரிலிருந்து பாரிமுனை வரைக்கும் அவனுக்குத் தோஸ்துகள். எப்போது வருவான் என்று யாருக்கும் தெரியாது. வந்தால் தெருமுனையிலேயே ஒரு சீழ்க்கை. பூங்கனி சிலேட்டைப் போட்டுவிட்டு ஓடுவாள். ஒருநாள் உயிருள்ள நண்டு ஒன்றைக் காலில் நூல் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தான். அது சனிக்கிழமை. அன்றைய கடலை மிட்டாய் எறும்புக்குப் போயிற்று.

தவசிமுத்துவின் வயிற்றெரிச்சல் இன்று நேற்று வந்ததல்ல. பூங்கனிக்குக் காது குத்தியபோதே தொடங்கியது. தாய்மாமன் மடியில் உட்கார்த்திக் குத்துவதுதான் முறை. மீசை முளைக்காத பயலாக இருந்த சிவந்தி மடியில்தான் அன்று குழந்தை இருந்தது. அழுகை வந்ததும் அவன் கழுத்தைத்தான் கட்டிக்கொண்டது. தகப்பனார் தாம்பூலத் தட்டைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தோடு நின்றார். முறைதான் என்று எல்லோரும் சொன்னார்கள். முறைதான் என்று அவரும் சொன்னார்.

ஐம்பத்தொன்றாம் வருஷம் தை மாதம், மூர் மார்க்கெட் பக்கத்து மைதானத்தில் ஒரு பொருட்காட்சி போட்டார்கள். காணும் பொங்கலன்று மண்டிக்கு விடுமுறை. குடும்பத்தை அழைத்துப் போவதென்று மார்கழியிலேயே முடிவு செய்துவிட்டார். அதோடு விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போய், வாசல் எங்கே, தண்ணீர்க் குழாய் எங்கே, உட்கார்ந்து சாப்பிட எந்த மரத்தடி தோது என்று நடந்து பார்த்துவிட்டு வந்தார். அன்று இருட்டும் நேரத்தில் இரும்பு ராட்டினத்தில் விளக்குப் போட்டார்கள். தவசிமுத்து அண்ணாந்து பார்த்தபடி நின்றார். அதன் உச்சியிலிருந்து பார்த்தால் துறைமுகத்துக் கப்பல் விளக்குகள் தெரியும் என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள். அப்போதே மனதுக்குள் அடுக்கிவிட்டார். காலையில் பக்கத்திலேயே இருந்த மிருகக்காட்சிசாலை, உயிர் காலேஜ். மிருகங்களைப் பார்த்தபின் மரத்தடியில் சாப்பாடு. பிறகு கடைகள், பொம்மைக் கொட்டகை. எல்லாம் முடிந்து இருட்டியதும் ராட்டினம். பூங்கனியைப் பக்கத்தில் உட்கார வைத்து, உச்சிக்குப் போனதும் கையை நீட்டிக் கப்பல் விளக்கைக் காட்ட வேண்டும். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் அந்த நாள் முழுவதும். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சிவந்தியின் காதில் விழாமல் பார்த்துக்கொண்டார்.

காணும் பொங்கல் காலையில் புளிச்சோறு, அவித்த முட்டை, ஊரிலிருந்து வந்த பனங்கிழங்கு எல்லாவற்றையும் கூடையில் வைத்துக் கட்டிக்கொண்டு டிராம் ஏறினார்கள். வண்டி நகர்ந்ததும் ஒருவன் ஓடிவந்து படியில் தொற்றினான்.

"இன்னா அத்தான், குடும்பத்தோட கெளம்பிட்டீங்கோ, நம்மள மட்டும் வுட்டுட்டு?"

"ஏல, நீ எங்கல இங்க? லாரிக்குப் போவல?"

"லாரி கெடக்குது. காணும் பொங்கலுக்கு எவன் லோடு ஏத்துவான்?"

அதற்குள் பூங்கனி அவன் சட்டையைப் பிடித்திருந்தாள். தவசிமுத்து மனைவியைப் பார்த்தார்.

"நான் ஒண்ணும் சொல்லலப்பா. கூடை கட்டுததைப் பாத்தா யாருக்கும் தெரியாதா?" என்றாள் செல்லக்கனி. அவள் முகத்திலும் ஒரு சந்தோஷம் இருந்தது. அதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை.

மைதானத்து வாசலில் இறங்கியபோது வெயில் ஏறியிருக்கவில்லை. இரும்பு ராட்டினத்தின் அடியில் நாலைந்து பேர்தான் நின்றார்கள். சிவந்தி கையைத் தட்டினான்.

"அத்தான், ஆளே இல்ல. இப்பவே ஏறிடலாம். அப்புறம் கூட்டம் வந்தா பேஜாரு."

"இப்பவே போலாம்ப்பா!" என்று பூங்கனி குதித்தாள்.

வேறு யாராவது சொல்லியிருந்தால் தவசிமுத்து ஒரு நொடி யோசித்திருப்பார். பெட்டிகள் காலியாக ஆடிக்கொண்டிருந்ததை அவரும் பார்த்தார். ஆனால் சொன்னவன் சிவந்தி. இப்போது ஏறினால் அது சிவந்தியின் ராட்டினம் ஆகிவிடும். பிள்ளை காலத்துக்கும் மாமா ஏற்றிவிட்டார் என்றுதான் சொல்லும்.

"சாயங்காலம்தான். விளக்கு போட்ட பொறவு. இப்ப மிருகம் பாக்கப் போறோம், நடங்க" என்றார்.

உயிர் காலேஜில் அவர் புலிக்கூண்டிலிருந்து வரிசையாகப் போக நினைத்திருந்தார். சிவந்தி குரங்குக் கூண்டின் முன் நின்றவன் நகரவே இல்லை. குரங்கு தலையைச் சொறிந்தால் இவனும் சொறிந்தான். பல்லைக் காட்டினால் இவனும் காட்டினான். பூங்கனிக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்துவிட்டது. "வா தாயி, புலி பாக்க வேண்டாமா?" என்று அவர் இழுத்துக்கொண்டு போனார். புலி தூங்கிக்கொண்டிருந்தது. "இதோ பாத்தியா, வங்காளத்துப் புலி" என்று விவரம் சொன்னார். பிள்ளையின் கண் குரங்குக் கூண்டுப் பக்கமே திரும்பித் திரும்பிப் போயிற்று.

மரத்தடியிலும் அதே கதைதான். சாப்பிட்டு முடித்துப் பனங்கிழங்கை அவர் நார் நாராக உரித்து மகளுக்கு நீட்டினார். அவளோ மாமா கடித்துப் பாதி தின்றதை வாங்கித் தின்றாள். செல்லக்கனி பார்த்துவிட்டாள்.

"சின்னப்பய கூடல்லாம் போட்டி போடுதியளாக்கும்?"

"யாரு போட்டி போடுதா? அவன் எச்சியத் திங்காண்டாம்னுதான்."

"என் தம்பிதான. தெருவுல போறவனா?"

அவர் உரித்ததைத் தானே தின்றார்.

பொழுது சாயச் சாயக் கூட்டம் ஏறியது. பெரம்பூரிலிருந்தும் புளியந்தோப்பிலிருந்தும் வந்தவர்கள் கடற்கரைக்குப் போகாமல் இங்கேயே திரும்பிவிட்டார்கள் போலிருந்தது. தவசிமுத்து முன்கூட்டியே போய் ராட்டினத்து வரிசையில் நின்றுகொண்டார். வெகுநேரம் நின்றார். விளக்குப் போட்டார்கள். பூங்கனி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். "பாத்தியா, இதுக்குத்தான் அப்பா சொன்னேன்" என்று மகளின் தலையைத் தொட்டார். அன்று முழுவதிலும் அவர் மனம் குளிர்ந்தது அப்போதுதான்.

இவர்களுக்கு முன்னால் இரண்டு குடும்பம் மீதி இருக்கையில் இயந்திரத்தில் படாரென்று ஒரு சத்தம். ராட்டினம் தயங்கி நின்றது. மேலே இருந்தவர்களைக் கையால் சுற்றி ஒவ்வொரு பெட்டியாக இறக்கினார்கள். "பெல்ட்டு அறுந்துபூட்ச்சு. இன்னிக்கு இனிமே ஓடாது. நாளைக்கு வாங்க" என்று ஓர் ஆள் வரிசைக்குக் குறுக்கே கயிற்றைக் கட்டினான்.

நாளைக்கு மண்டி திறக்க வேண்டும். பூங்கனி அழவில்லை. அழுதிருந்தால் தூக்கிச் சமாதானம் செய்திருக்கலாம். அவரை நிமிர்ந்து பார்த்து, "மாமா அப்பவே சொன்னாங்கல்ல?" என்றாள்.

சிவந்தி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு குத்தல் பேச்சுப் பேசியிருந்தாலாவது பதிலுக்கு இரண்டு திட்டியிருப்பார். அவன் பேசாமல் இருந்தது பெருந்தன்மை போலத் தெரிந்தது. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவனைக் காணவில்லை. திரும்பி வரும்போது ஓடிவந்தான். "அத்தான், பின்னால மர ராட்டினம் ஒண்ணு கீது. மூட்ட கட்டப் போறான். நம்ம ரஷீதுதான். சொல்லி நிறுத்தி வெச்சிகீறேன், வாங்கோ."

மைதானத்தின் கோடியில், கையால் தள்ளிச் சுற்றுகிற நாலு பெட்டி ராட்டினம். அங்கே விளக்கு ஒரு பெட்ரோமாக்ஸ் மட்டும். உச்சிக்குப் போனாலும் கப்பல் தெரியாது, பக்கத்துக் கொட்டகையின் கூரைதான் தெரியும். இதற்கு அவர் திட்டத்தில் இடமே இல்லை. 'வேண்டாம்' என்று சொல்ல வாயெடுத்தார். மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

ரஷீது என்கிறவன் தலைப்பாகையை அவிழ்த்துத் தோளில் போட்டிருந்தான். "இன்னா சிவந்தி, கட்ற நேரத்துல இட்டுகினு வர்றே? செரி, ஏறுங்கோ. ஒரே பக்கம் எல்லாரும் குந்தினா சுத்தாது. பெரியவரு அந்தப் பொட்டி, நீ எதிர்ப்பொட்டி. பாப்பா?"

தவசிமுத்து மகளைப் பார்த்தார். 'என்கிட்ட வா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வந்துவிடுவாள். ஆனால் கூப்பிட்டு வந்தால் அது கணக்கில் சேராது. பேசாமல் பெட்டியில் ஏறி உட்கார்ந்தார்.

"நான் எங்க அப்பாகூட" என்றாள் பூங்கனி. யோசிக்கக்கூட இல்லை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்பது போல நேரே அவர் பெட்டியை நோக்கி நடந்தாள்.

அவர் கையை நீட்டினார். ரஷீது குறுக்கே வந்தான்.

"வாணாம் கண்ணு. நைனா வெயிட்டு எம்மாம் கீது பாரு! அவரு ஒருத்தரே ரெண்டு ஆளு. நீ மாமாகூட குந்து, அப்பத்தான் சமமா சுத்தும்."

செல்லக்கனி கைக்குழந்தையின் முதுகில் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தாள். தவசிமுத்து தன் வயிற்றைக் குனிந்து பார்த்தார். நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

ராட்டினம் கிரீச்சிட்டுக்கொண்டு கிளம்பியது. அவர் மேலே போனால் அவர்கள் கீழே. அவர்கள் மேலே போனால் அவர் கீழே. நடுவில் ஒரு தரம் இரண்டு பெட்டியும் ஒரே மட்டத்துக்கு வந்து நேருக்கு நேர் நின்றன. அப்போதுதான் பார்த்தார். சிவந்தி கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தான். முகம் வெளிறி, கழுத்து நரம்பு புடைத்து, உதடு எதையோ முணுமுணுத்தது. ஓடுகிற டிராமில் தொற்றுகிறவன், லாரியின் மேலேறி நின்று ஊரைக் கூப்பிடுகிறவன், இதுவரை ஒரு ராட்டினத்திலும் ஏறியதில்லை போலும்.

தவசிமுத்துவுக்கு வந்த சந்தோஷத்தை எழுத்தில் வைக்க முடியாது. ஆனால் அடுத்த சுற்றில் இன்னொன்றையும் பார்த்தார். பூங்கனி தன் இரண்டு கையாலும் சிவந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, "பயப்படாதீங்க மாமா, நான் இருக்கேன்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சந்தோஷம் பாதியில் நின்றது. பயப்படாமல் உட்கார்ந்திருக்கிற தகப்பனுக்குக் கம்பி; பயந்தவனுக்கு அந்தக் கை.

"அத்தான்!" என்று சிவந்தி கண்ணைத் திறக்காமலே அலறினான். பட்டணத்துப் பேச்செல்லாம் எங்கோ உதிர்ந்துவிட்டது. "அத்தான், ஒமக்குப் புண்ணியமாப் போவும், நிப்பாட்டச் சொல்லும்!"

ரஷீது தள்ளுவதை மட்டாக்கித் தவசிமுத்துவை அண்ணாந்து பார்த்தான். எதையும் ஒரு மாதம் முன்பே யோசித்துச் செய்கிற மனுஷர் அன்று ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"தள்ளுப்பா! இன்னும் வேகமாத் தள்ளு! இன்னும் நாலு சுத்து!"

"அப்பா!" என்று கத்தினாள் பூங்கனி. அவர் உச்சியில் இருந்தார், அவள் அடியில். அண்ணாந்த முகம் முழுக்கச் சிரிப்பு. "இன்னும் பத்து சுத்துப்பா!"

"பத்து சுத்து!" என்று அவரும் கத்தினார்.

இறங்கியதும் சிவந்தி கொட்டகைக்குப் பின்னால் ஓடினான். புளிச்சோறு முழுக்க வெளியே வந்துவிட்டது. அதற்குப் பிறகு டிராமில் நடந்ததுதான் தவசிமுத்து எதிர்பாராதது. சிவந்தி இருக்கையில் சரிந்து கிடந்தான். பூங்கனி அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு விளம்பரத் தாளை மடித்து விசிறிக்கொண்டே வந்தாள். பாரிமுனையில் வண்டி மாறும்போதும் அவன் கையைப் பிடித்துத்தான் இறக்கினாள். "அப்பா, மாமாவுக்கு ஒரு சோடா" என்றாள். தவசிமுத்து போய் வாங்கிக்கொண்டு வந்தார். ராயபுரம் வரும் வரை கூடையைத் தூக்கிக்கொண்டு நின்றபடியே வந்தார்.

வீட்டில் பிள்ளைகளைப் படுக்க வைத்துவிட்டு வந்த செல்லக்கனி, அவர் வாசல்படியில் உட்கார்ந்து விரலால் காற்றில் எதையோ அடுக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள்.

"என்ன, அடுத்த வருசத்துக்கா?"

"ஆமா."

"சிவந்தியக் கூட்டிட்டுப் போவியளா, மாட்டியளா?"

"கூட்டிட்டுத்தான். மொதல்ல ராட்டினம். வாசல்ல நுழைஞ்சதுமே ராட்டினம்."

"அம்புட்டு ஆசையா ஒங்களுக்கு?"

"காலையிலயே அவனுக்கு வாந்தி வந்துட்டா, டிராம் ஏத்தி வீட்டுக்கு அனுப்பிரலாம். பொறவு பகல் பூராவும் பிள்ளைய நான் பாத்துக்கிடுவேன்" என்றார் தவசிமுத்து. அவர் முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை.