பேட்டரி மாற்றப் போனவர்கள்

“உண்மையச் சொல்லும்மா, சீட்டப் பாத்துட்டுத்தானே உள்ள வந்த?”

விளையாட்டுகளுக்குப் பொறுப்பாக இருந்தவர் இதை எல்லோர் முன்னாலும் என்னிடம் கேட்டார். குமணன்சாவடியைத் தாண்டி ஒரு பெரிய தகரக் கொட்டகைக்குள், தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றுக்காக முழு வீட்டையே செட்டாகப் போட்டிருந்தார்கள். நடிகர்கள் வந்து தங்கி ஆடுவதற்கு முன், அக்கம்பக்கத்து ஆட்களை வைத்து ஒவ்வொரு விளையாட்டையும் ஆடிப் பார்ப்பார்கள். எங்களுக்கு டம்மி என்று பெயர்.

விளையாட்டு இதுதான். வீட்டுக்குள் இருப்பவர்களில் இரண்டு பேர் ஒற்றர்கள். சீட்டு எடுக்கும்போது அது அவர்களுக்கு மட்டும் தெரியும். கொடுக்கிற வேலையை யாரும் அறியாமல் கெடுப்பது அவர்கள் பாடு. பேசிப் பார்த்து, ஓட்டுப் போட்டு அவர்களைப் பிடிப்பது மற்றவர்கள் பாடு. யாரும் யாரிடமும் எந்தப் பொய்யும் சொல்லலாம். நான் ஆடிய எல்லா ஆட்டத்திலும் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே இரண்டு ஒற்றர்களையும் காட்டிவிட்டேன். அதுதான் பொறுப்பாளரை உறுத்தியது.

பொய் சொல்லலாம் என்று விதி போட்ட வீட்டில் என்னை மட்டும் உண்மை பேசச் சொன்னது எரிச்சலாக இருந்தது. “பாக்கல சார்” என்று மட்டும் சொன்னேன். அன்றைக்கு ஒற்றராக இருந்து என்னிடம் மாட்டியவர்களில் ஒருவர் கரையான்சாவடியில் ஆட்டோ ஓட்டுகிற அண்ணன். “இன்னா தங்கச்சி, ஜோசியம் கீசியம் பாப்பியா? என் பொண்டாட்டியே என்ன இவ்ளோ சீக்கிரம் புட்ச்சதில்ல” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பொறுப்பாளர் சிரிக்கவில்லை.

“எப்படிக் கண்டுபிடிக்கிறேன்னு நாளைக்கு வந்து சொல்லு. சொல்ல முடியலன்னா வராத.”

எனக்கு அங்கே போக வேண்டியிருந்தது. போட்டியாளர்களுக்கு உள்ளே அனுப்பும் விதி அட்டைகளைத் தமிழில் எழுத ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். அந்த வேலை கிடைக்கும் என்றுதான் டம்மியாகவே போய் வந்துகொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள் நான். பட்டமும் வாங்கியிருக்கிறேன். தேர்வறையில் ஒரு நாள்கூடப் பக்கத்துத் தாளை எட்டிப் பார்த்ததில்லை. பார்த்து எழுதினேன் என்று யாராவது சொன்னால் விட்டுவிடுகிற ஆளும் இல்லை.

அன்று மாலை பாரிவாக்கத்தில் எங்கள் வீட்டில் இதைச் சொன்னேன். அப்பா ஒரு காலத்தில் ஊரான் நிலத்தில் கூலிக்குப் போனவர். இப்போது கம்பெனியில் லாரிக்குச் சரக்கு ஏற்றுகிறார். சட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்டார்: “மெய்யாலுமே பாக்கலியா?”

“இன்னா நைனா, நீயுமா?”

“அதுக்கில்லம்மா. பட்ச்ச புள்ள. எழுத்துன்னா கண்ணு தானா பூடும்ல.”

அவர் அதைத் தப்பாகச் சொல்லவில்லை. ஆனாலும் அன்று நான் அவரோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை.

நான் பார்த்தது சீட்டை இல்லை. உள்ளே போகும்போது ஒவ்வொருவர் இடுப்பிலும் மைக்கை மாட்டிவிடுவார்கள். மைக் அண்ணன் காலையிலேயே எல்லாவற்றுக்கும் புது பேட்டரி போடுவார். அது சாயங்காலம் வரைக்கும் தாங்கும். ஆனால் கொஞ்ச நேரத்திலேயே ஒலிபெருக்கியில் ஒருவர் பெயரைச் சொல்லி, “பேட்டரி மாற்ற வாருங்கள்” என்பார்கள். பிறகு இன்னொருவரை. ஒற்றர்களுக்கு ரகசியமாக உத்தரவு சொல்ல வேண்டுமே, அதற்குத்தான் அந்த அழைப்பு. முகத்தைப் படிக்கிற வித்தையெல்லாம் எனக்குத் தேவைப்படவே இல்லை.

இதைச் சொன்னால் எடுத்துக்கொண்டு என்னை அனுப்பிவிடுவார்களோ என்ற சந்தேகம் பேருந்தில் போகும்போதும் இருந்தது. ஆனாலும் மறுநாள் சொன்னேன். பொறுப்பாளர் மைக் அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்டார். அவர் தலையைச் சொறிந்தார். “ஆமா சார், வேற இன்னா சாக்கு சொல்லி இட்டாரது?”

அதற்குப் பிறகு எல்லோரையும் வரிசையாகப் பேட்டரிக்கு அழைப்பது என்று முடிவானது. என்னைச் சந்தேகப்பட்டதற்குப் பொறுப்பாளர் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. ஆனால் அட்டை எழுதும் வேலையைக் கொடுத்தார். திரைகள் அடுக்கிய அறையில் எனக்கும் ஒரு நாற்காலி போட்டார்கள்.

நிஜ ஆட்டம் தொடங்கியது. போட்டியாளர்களில் ஒரு பெண், சீரியலில் சின்ன வேடங்கள் செய்துவிட்டு வந்தவள். அம்பத்தூர்க்காரி. இதுதான் அவளுக்குக் கிடைத்த முதல் பெரிய வாய்ப்பு என்று அறிமுகத்தில் சொல்லியிருந்தாள். அவள் ஒற்றர் இல்லை. வெளியே இருந்த எங்களுக்கு அது தெரியும். ஆனால் மற்றவர்களை வரிசைப்படி ஒரு தடவை அழைத்துவிட்டு, அவளை மட்டும் திரும்பத் திரும்பப் பேட்டரிக்கு அழைத்தார்கள். ஒரு நாற்காலியில் சும்மா உட்கார வைத்துவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள்.

சமையலறையில் ஒருவர் ஆரம்பித்தார்: “இவளுக்கு மட்டும் எப்படிப்பா பேட்டரி தீருது?”

எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“எங்கம்மா மேல சத்தியமா நான் இல்லண்ணா. என்னத்துக்குக் கூப்பிடுறாங்கன்னே தெரியல.”

“நல்லா நடிக்கிற. சீரியல்ல ஏன் உனக்குப் பெரிய வேஷமே குடுக்கல?”

அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்று மாலை ஓட்டு. அவள்தான் வெளியேறுவாள் என்பது திரையிலேயே தெரிந்தது.

நான் பொறுப்பாளரிடம் போனேன். “அவங்கள ஏன் சார் கூப்பிடுறீங்க?”

“நீ கண்டுபிடிச்சதுதாம்மா. பேட்டரின்னு கூப்பிடுறது ஒற்றருக்கு உத்தரவு சொல்லத்தான்னு உள்ளேயும் சில பேருக்குப் புரிஞ்சுபோச்சு. அதையே திருப்பிவிட்டோம். நல்லாயிருக்குல்ல?”

“பொய் சொல்றது ஆடுறவங்க வேல சார். நாம சொல்லக் கூடாது.”

“எல்லாரும் சொல்றாங்க, நாம ஒண்ணு சொன்னா என்ன?”

“ஆடுறவங்க பொய் சொன்னா எதிர்ல நின்னு கேக்கலாம். ஒலிபெருக்கிய யாரு சார் கேக்குறது?”

“கூடாதுன்னு எந்த அட்டையில எழுதியிருக்கு, காட்டு.”

எந்த அட்டையிலும் இல்லை. எல்லா அட்டையும் நான் எழுதியவைதான்; அப்படி ஒரு விதி தேவைப்படும் என்று எனக்குத் தோன்றியிருக்கவில்லை. அவர் குரலைத் தாழ்த்தினார். “அந்தப் பொண்ணு உனக்கு முன்னாடியே தெரியுமா? பக்கத்துப் பக்கத்து ஏரியாதானே நீங்க?”

மறுபடியும் நான்தான் எதையோ மறைக்கிறவள். வேறு யாரையோ காப்பாற்றத்தான் அந்தப் பெண்ணை வெளியே அனுப்பப் பார்க்கிறார்களோ என்று எனக்கும் சந்தேகம் வந்தது. கேட்டாலும் பதில் வராது, நிரூபிக்கவும் என்னிடம் ஒன்றும் இல்லை. “தெரியாது சார்” என்று சொல்லிவிட்டு வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஓட்டுக்கான அட்டை பாக்கி இருந்தது. வழக்கமான வரிகளை எழுதினேன். கடைசியில் இதையும் எழுதினேன்: ‘மைக் பேட்டரிக்காக ஒருவரை அழைப்பது ஆட்டத்தின் குறிப்பு அல்ல. அதை வைத்து யாருக்கும் ஓட்டுப் போட வேண்டாம்.’

கொஞ்ச நேரம் கழித்து பொறுப்பாளர் என் பக்கம் கையை நீட்டினார். இதுவரை நான் எழுதிய எந்த அட்டையையும் அவர் கேட்டு வாங்கிப் படித்ததில்லை.

“ஓட்டு அட்டையக் குடு. ஒரு தடவ பாத்துடுறேன்.”

“உள்ள அனுப்பிட்டேன் சார். கடைசில ரெண்டு வரி சேத்துருக்கேன்.”

அவர் திரைப் பக்கம் திரும்பினார். போட்டியாளர்களில் ஒருவர் அட்டையைச் சத்தமாகப் படிக்க எடுத்துக்கொண்டு வந்து, சோபாவில் எல்லோரும் உட்காரட்டும் என்று காத்துக்கொண்டிருந்தார்.