தொட்டி மீனும் பூனைமேல் விழுந்த பழியும்

எங்கள் வீட்டுக்குள் கடல் இருந்தது. இதை அடக்கமாகச் சொல்ல நான் முயன்றதே இல்லை. எண்பதுகளின் கடைசியில் இரும்புலியூரில் டிவி யார் வீட்டில் என்று கேட்டால் பத்து வீட்டைக் காட்டுவார்கள். கடல் யார் வீட்டில் என்று கேட்டால் எங்கள் வீடு ஒன்றுதான்.

அப்பா கிண்டியில் ஒரு கம்பெனியில் டிராயிங் போடுகிறவர். கண்ணாடியை வெட்டி வாங்கிவந்து, தானே ஒட்டித் தொட்டி செய்தார். குழாய்த் தண்ணீர் ஊற்றித் தங்கமீன் விடுவதெல்லாம் அவருக்குக் கேவலம். ஞாயிற்றுக்கிழமைகளில் கோவளத்துக்கு ஸ்கூட்டரில் போய், கடல் தண்ணீரைப் பிளாஸ்டிக் கேன்களில் நிரப்பிக்கொண்டு வருவார். பாறை இடுக்கில் பையன்கள் பிடித்துக் கொடுத்த பதினோரு குட்டி மீன்கள், ஓட்டை ஓட்டையாக ஒரு கடல் கல், அந்தக் கல்லுக்குள் தெரியாமல் கூடவே வந்துவிட்ட நெல்லிக்காய் அளவு நண்டு ஒன்று. விருந்தாளிகளுக்குக் காபி வருவதற்கு முன்பே தொட்டி தரிசனம் நடந்துவிடும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நாங்கள் சுத்த சைவம். முட்டை வாசனை வந்தாலே அம்மா ஊதுவத்தி ஏற்றுவாள். எங்கள் வீட்டில் மீனை மூன்று பக்கமும் சுற்றிப் பார்த்திருக்கிறோமே தவிர, ஒருவரும் தொட்டதில்லை.

அந்தப் பதினோரு மீன்கள் ஒன்றொன்றாகக் காணாமல் போக ஆரம்பித்தன. செத்து மிதந்தால் துக்கத்தோடு முடிந்திருக்கும். ஆனால் எலும்புகூட மிச்சமில்லை. காலையில் எண்ணினால் பத்து. நாலு நாள் கழித்து ஒன்பது. அப்புறம் எட்டு. அப்பா மீன் எண்ணிவிட்டுத்தான் பல் துலக்கினார்.

முதலில் சந்தேகம் நண்டின்மேல் போனது நியாயம்தான். ஆனால் ஒரு காலையில் நண்டு அசையாமல் மணலில் கிடந்தது. அப்பா டீ வடிகட்டியால் அதை எடுத்துப் பார்த்து, "பாவம், செத்துப்போச்சு. இதைப் போய் சந்தேகப்பட்டோமே" என்றார். அழகாக இருந்ததால் நான் அதை வாங்கி என் ஜாமெட்ரி பாக்ஸில் வைத்துக்கொண்டேன்.

நண்டு செத்த பிறகும் மீன்கள் குறைந்தன. ஆறு. ஐந்து.

பழி பூனைமேல் விழுந்தது. போன மழைக்காலத்தில் நனைந்துகொண்டு வந்து, என் மடியில் ஏறி, அப்படியே எங்கள் வீட்டுக்காரி ஆகிவிட்ட செம்பட்டைப் பூனை. டியூப் லைட் சூட்டுக்காகத் தொட்டியின் பலகை மூடிமேல் படுத்துத் தூங்குவாள். அதுவே சாட்சி ஆகிவிட்டது. அண்ணன் தன் பங்குக்கு, மூடிக்கு ஓரத்தில் ஒரு கை நுழையும் இடைவெளி இருப்பதை அளந்து காட்டினான். இந்த மாதிரி வேலைக்கெல்லாம் அவனுக்கு ஸ்கேல் கிடைத்துவிடும்.

"ஞாயித்துக்கிழமை கோணில போட்டு வண்டலூர் தாண்டி விட்டுட்டு வந்துடறேன்" என்றார் அப்பா.

"பக்கத்துலதான் ஜூ. புலிக்குத் தங்கச்சின்னு சேத்துக்குவாங்க" என்றான் அண்ணன். நான் அவனை அடித்தேன். அவன் திருப்பி அடிக்கவில்லை. அதிலிருந்துதான் விஷயம் நிஜம் என்று எனக்குப் புரிந்தது. கோணியும் ஸ்கூட்டர்மேல் மடித்து வைக்கப்பட்டுவிட்டது.

சனிக்கிழமை எனக்கு அரை நாள்தான் பள்ளிக்கூடம். திரும்பும்போது தெருமுனைப் பூவரச மரத்தடியில் மீன்கார அக்கா உட்கார்ந்திருந்தார். கோவளத்திலிருந்து பஸ்ஸில் கூடையோடு வருகிறவர். எங்கள் வாசலில் மட்டும் குரல் கொடுக்காமல் தாண்டிப் போவார். எங்கள் பூனை தினமும் அவரிடம் போய்த் தலையும் வாலும் தின்றுவிட்டு வரும் என்பது எனக்கு மட்டும் தெரிந்த ரகசியம். நாளையிலிருந்து அவள் வரமாட்டாள் என்று சொல்லிவிட்டுப் போகலாம் என்றுதான் நின்றேன். சொல்ல ஆரம்பித்ததும் அழுகை வந்துவிட்டது.

"இன்னா பாப்பா, இன்னாத்துக்கு அழுவுற?" என்று கேட்டு முழுக்கதையையும் வாங்கிக்கொண்டார். பிறகு சிரித்தார். "பூனையா? இங்க கூடை நெறைய மீனு கீது, அத்த வுட்டுட்டு உப்புத் தண்ணில கைய வுடுமா அது? வேற எவனோ உள்ள குந்திகினு கீறான்."

"நண்டு ஒண்ணு இருந்துச்சுக்கா. அதான் செத்துப்போச்சே" என்று ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து காட்டினேன்.

அக்கா அதை இரண்டு விரலால் எடுத்தார். மோந்து பார்த்தார். பின்பக்கம் நகத்தை வைத்து லேசாக நெம்பியதும், முதுகு மூடி மாதிரித் திறந்துகொண்டது. உள்ளே ஒன்றுமே இல்லை. வெறும் ஓடு.

"செத்த நண்டுன்னா இந்நேரம் உன் பொட்டியே நாறிப் போயிருக்கும். இது அதோட சட்டை பாப்பா. வளர வளரக் கழட்டிப் போட்டுட்டுப் புதுசு போட்டுக்கும். அவன் இப்போ இத்த வுடப் பெருசா அந்தக் கல்லுக்குள்ள கீறான்."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நண்டு சமைக்கிற எந்த வீட்டிலும் ஒரு குழந்தைகூட ஏமாந்திருக்காது. டிராயிங் போடுகிற அப்பாவும் ஸ்கேல் வைத்து அளந்த அண்ணனும் சேர்ந்து, ஒரு சட்டைக்குத் துக்கம் கொண்டாடியிருக்கிறார்கள்!

பிடிக்கும் வழியையும் அவரே சொன்னார். ஒரு நெத்திலியை நூலில் கட்டி, காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். "கல்லு கிட்ட தொங்க வுடு. பிடிச்சான்னா வுடமாட்டான். மெதுவா இழு." அந்தப் பொட்டலத்தை நான் பாவாடைப் பாக்கெட்டில் ஒளித்து வீட்டுக்குள் கொண்டுபோனேன். அம்மாவுக்குத் தெரிந்தால் என்னையும் கோணியில் போட்டு வண்டலூர் தாண்டி விட்டிருப்பாள்.

மத்தியானம் எல்லோரும் கண்ணயர்ந்த நேரத்தில் நாற்காலிமேல் ஏறி நூலை இறக்கினேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு கல்லின் ஓட்டையிலிருந்து ஒரு கொடுக்கு வந்தது. அப்புறம் இன்னொன்று. எலுமிச்சம்பழ அளவில் முழு நண்டு வெளியே வந்து நெத்திலியைக் கட்டிப் பிடித்தது. "அப்பா!" என்று நான் கத்தியது தாம்பரம் ஸ்டேஷன்வரை கேட்டிருக்கும்.

அப்பா பனியனோடு ஓடிவந்து, பிளாஸ்டிக் மக்கால் அள்ளினார். கொடுக்கில் கசங்கிக் கிடந்ததைத் தொட்டி மீன் என்றே நினைத்தார். நான் திருத்தவில்லை; நூலை மட்டும் அறுத்துப் பாவாடைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். நான் ஓட்டைத் திறந்து காட்டியபோது அவர் கண் விரிந்த அழகு இன்னும் மனதில் இருக்கிறது.

"எப்படிம்மா கண்டுபிடிச்சே?"

மீன்கார அக்கா என்று சொன்னால் நெத்திலி வெளியே வரும். நெத்திலி வந்தால் அம்மா வருவாள்.

"யோசிச்சேன்ப்பா" என்றேன்.

அப்பா என்னைத் தூக்கிச் சுற்றினார். மறுநாள் வண்டலூருக்குப் பதில் கோவளத்துக்கு ஸ்கூட்டர் போனது. பூனைக்கு மடித்து வைத்த கோணியை நனைத்து, வாளியில் நண்டின்மேல் போர்த்திக் கொண்டுபோய்க் கடலில் விட்டோம். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு விருந்தாளிக்கும் தொட்டி தரிசனத்தோடு என் தரிசனமும் சேர்ந்தது. ஒவ்வொரு முறை சொல்லும்போதும் நான் யோசித்த நேரம் கூடிக்கொண்டே போனது. மூன்றாவது நாளில், யோசித்தது நான்தான் என்று நானே நம்பிவிட்டேன். அப்படியொரு பெருமை! இருந்தாலும், பள்ளிக்கூடத்துக்கு அடுத்த தெரு வழியாகப் போனேன். மீன் வருகிற நேரத்தில் பூனையைத் தொட்டி இருந்த அறைக்குள் போட்டுப் பூட்டினேன்.

ஒரு வாரம் போயிருக்கும். எங்கள் கேட்டுக்கு வெளியே மீன்கார அக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்றார்.

அம்மா பதறிப்போய், "நாங்க வாங்கறதில்லைம்மா" என்றாள்.

"தெரியும்மா. இங்க ஒரு செம்பட்டைப் பூனை கீதே, ஒரு வாரமா காணோம். அதான் கேட்டுட்டுப் போலாம்னு."

அப்பாவுக்கு இது போதாதா? கேட்டில் சாய்ந்துகொண்டு ஆரம்பித்தார். மீன் குறைந்தது, பூனையைச் சந்தேகப்பட்டது, சட்டை, நண்டு. "எல்லாம் என் பொண்ணு யோசிச்சுக் கண்டுபிடிச்சது. நாலாவதுதான் படிக்கிறா!" நான் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அக்கா முழுவதையும் புதுக்கதை போலக் கேட்டார். அவரை யாரும் உள்ளே கூப்பிடவில்லை. கேட்டுக்கு வெளியே நின்றபடியே எட்டி, ஜன்னல் வழியே தொட்டி மூடிமேல் தூங்கிய பூனையைப் பார்த்தார். உயிரோடு நீந்துகிற ஐந்து மீன்களையும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கெட்டிக்காரப் பொண்ணு சார். நல்லா படிக்க வையுங்க."

என் கன்னத்தைத் தொட வந்த கையைத் தன் புடவையில் துடைத்துக்கொண்டு, கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. பாவம், தான் சொல்லிக் கொடுத்ததை அந்த அக்கா மறந்தே போய்விட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.