அம்மாள் தந்த ஐந்தாவது அளவு

நயினாதீவு அம்மாளின் அடியவர்களே, என் வீட்டில் நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் உங்கள் முன் வைக்கிறேன்.

போன வருடம் பங்குனியில் என் அண்ணன்மார் இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். எங்கள் ஊரான சரவணையில் உள்ள காணியை அப்பா உயிரோடு இருந்தபோதே வேலி போட்டு இரண்டாகப் பிரித்துக் கொடுத்திருந்தார். கிழக்குத் துண்டு பெரியண்ணைக்கு, மேற்குத் துண்டு சின்னண்ணைக்கு. அப்பா காலமானபின் பெரியண்ணை நாடா பிடித்து நான்கு பக்கமும் அளந்து, எங்கள் ஊர் வழக்கப்படி எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கிப் பெருக்கினார். தன் துண்டு ஒன்பதாயிரத்து அறுநூறு சதுர அடி என்றும், தம்பியின் துண்டு ஏறக்குறையப் பத்தாயிரத்து ஐந்நூறு என்றும் வந்தது.

கடைசி ஏழு வருடமும் அப்பாவைத் தூக்கிக் குளிக்க வார்த்தவர் பெரியண்ணை. கணக்கு எழுதிய கடதாசியை என் முன்னால் வைத்தார்.

"காணி போனால் போகட்டும் தங்கச்சி. அப்பா என்னை ஏமாத்திப்போட்டார். அதைத்தான் தாங்க ஏலாமல் கிடக்கு."

சின்னண்ணை நில அளவையாளர் ஒருவரைக் கூட்டிவந்தார். "அவன் கூட்டிவந்த ஆள் அவனுக்குத்தான் அளப்பார்" என்று பெரியண்ணை படலையைப் பூட்டினார். ஆவணியில் வழக்குப் போடுவதென்று காணி உறுதிப் பத்திரத்தையும் சட்டத்தரணியிடம் கொடுத்துவிட்டார். வழக்கென்று ஏறிவிட்டால் இந்தப் பிறப்பில் இருவரும் ஒரு வாசலில் நிற்கமாட்டார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆடி வெள்ளியன்று குறிகட்டுவானில் வள்ளம் ஏறி நயினாதீவு அம்மாள் கோயிலுக்குப் போனேன். அம்மாளிடம் காணி கேட்கவில்லை, நீதியும் கேட்கவில்லை. "தாயே, அவை ரெண்டு பேரும் ஒரு தரமெண்டாலும் ஒரே நிலத்தில முகம் பார்த்து நிக்கவேணும்" என்று மட்டும் கேட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. போனபடியே திரும்பி வந்தேன்.

அந்த நாள்களில் நான் சனிக்கிழமைகளில் ஊர்காவற்றுறையில் கணினி வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். முப்பது வருடம் பாடசாலை நூலகத்தில் புத்தகங்களுக்கு இலக்கமிட்ட எனக்கு, ஐம்பத்தாறு வயதில் நிரல் எழுதக் கற்கும் ஆசை வந்திருந்தது. ஆடி வெள்ளிக்கு அடுத்த நாள் தந்த பயிற்சி, முக்கோணத்தின் மூன்று பக்கங்களைக் கேட்டு வாங்கிப் பரப்பளவு சொல்லும் நிரல். எழுதினேன். மூன்று, நான்கு, ஐந்து என்று கொடுத்தேன். ஆறு வரவேண்டிய இடத்தில் முப்பத்தொன்பது வந்தது. வரிவரியாகப் பார்த்தேன். சூத்திரத்தின் முதற்படியில் மூன்று பக்கங்களையும் கூட்டிய பிறகு இரண்டால் பிரிக்கவேண்டும். நான் அடைப்புக்குறி போடாததால் கணினி கடைசிப் பக்கத்தை மட்டும் பிரித்திருந்தது. குறியைப் போட்டேன். ஆறு என்று வந்தது. அந்த ஆறைப் பார்த்து நான் அடைந்த பெருமையை மறைக்கமாட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் சின்னண்ணையின் துண்டைக் கணிக்க நினைத்தேன். நான்கு பக்கம் இருக்கிறது. என் நிரலோ மூன்றுதான் கேட்கிறது. குசினியில், சமையல் மேசையில் நான்கு தென்னை ஈர்க்குகளை வைத்து மூலைகளை நூலால் கட்டினேன். விரலால் தள்ளினேன். சட்டம் சரிந்தது. பக்கங்களின் நீளம் மாறவில்லை, உள்ளே இருந்த இடம் மட்டும் சுருங்கியது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஒழுங்கைப் பாதை வளையும் இடத்தில் கிடக்கும் மேற்குத் துண்டு சரிந்த துண்டு. நான்கு பக்கத்தை மட்டும் வைத்து அதன் பரப்பை யாராலும் சொல்ல முடியாது. மூலைக்கு மூலை குறுக்காக ஐந்தாவது அளவு ஒன்று வேண்டும். அது கிடைத்தால் காணி இரண்டு முக்கோணமாகிவிடும்.

பெரியண்ணையிடம் போய்ச் சொன்னேன். ஈர்க்குச் சட்டத்தைத் தானும் தள்ளிப் பார்த்தார்.

"சரி, அளப்பம். ஆனால் மற்ற மூலையில அவன்ர ஆள் ஒருத்தரும் நிக்கக்கூடாது."

சின்னண்ணையிடம் போனேன். "அண்ணையின்ர ஆள் ஒருத்தரும் கயிறு பிடிக்கக்கூடாது" என்றார்.

"அப்ப நீங்கள் ரெண்டு பேரும்தான் பிடிக்கவேணும்" என்றேன். சொன்ன பிறகுதான் என் வாயிலிருந்து வந்தது என்னவென்று எனக்கே விளங்கியது.

ஞாயிற்றுக்கிழமை காலை. ஒரே இழுப்பில் நாடா எட்டாத தூரம் என்பதால் நைலோன் கயிறு. ஒரு மூலையில் பெரியண்ணை, எதிர்மூலையில் சின்னண்ணை, நடுவில் நான். ஐந்து மாதத்துக்குப் பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"கயிறைத் தளர விடாதையடா!"

"நான் இழுத்துத்தான் பிடிச்சிருக்கிறன். நீங்கள் முதல்ல எல்லைக் கல்லில நில்லுங்கோ அண்ணை, வேலிக்குள்ள போறீங்கள்!"

"எனக்குக் கல்லுக் காட்ட வாறியோ? இந்தக் கல்லை நட்டது ஆர்?"

"நீங்கள்தான். அதுதான் கோணலாய் நிக்குது."

பெரியண்ணை சிரிப்பை அடக்க வேறு பக்கம் திரும்பினார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

கயிற்றை ஒழுங்கையில் விரித்து அளந்தோம். மேற்குத் துண்டின் குறுக்கு நூற்றிருபத்தோரு அடி. கிழக்குத் துண்டுக்கு நூற்று நாற்பத்து நான்கு. வேப்பமரத்தடியில் ஒரு கதிரையில் மடிக்கணினியை வைத்து எண்களைக் கொடுத்தேன். இருவரும் என் தோளுக்கு மேலால் பார்த்தார்கள்.

கிழக்கு, ஒன்பதாயிரத்து அறுநூறு. மேற்கு, ஒன்பதாயிரத்து அறுநூற்று மூன்று.

"மூண்டு சதுர அடி எண்டால் எவ்வளவு?" என்று பெரியண்ணை மெதுவாகக் கேட்டார்.

"இந்தக் கதிரை நிக்கிற இடம், அண்ணை."

அவர் வேலியையே பார்த்துக்கொண்டு நின்றார். "நாடா இல்லை, ஒண்டுமில்லை. மனுசன் கண்ணால பார்த்துப் போட்ட வேலி" என்றார். பிறகு தம்பியின் பக்கம் திரும்பினார். "நான் அவரைப் பிழையாய் நினைச்சுப்போட்டன்."

சின்னண்ணை மடிக்கணினியைத் தூக்கி என் கையில் தந்தார். கதிரையை எடுத்துக்கொண்டுபோய் வேலிக்கு மேலால் கிழக்குப் பக்கம் இறக்கினார்.

"இந்தாங்கோ உங்கட மூண்டு அடி. இருங்கோ."

பெரியண்ணை அதில் உட்கார்ந்தார். அடுத்த நாள் உறுதியைத் திருப்பி வாங்கிவந்தார். வழக்கு இல்லை. அந்தக் கதிரை இன்றும் அவர் வீட்டில்தான்.

இப்போது அயலவர்கள் தங்கள் காணி அளவுகளை என்னிடம் கொண்டுவருகிறார்கள். "குறுக்கு அளந்தனீங்களோ?" என்பதுதான் என் முதல் கேள்வி. அப்பாவின் நேர்மையை நிறுவியது அவருடைய மகள் எழுதிய பதினொரு வரி நிரல் என்று நினைக்கும்போது நெஞ்சு நிமிர்கிறது. அந்தப் பெருமையையும் அம்மாள் காலடியில்தான் வைக்கிறேன். நான் கேட்டதை அம்மாள் ஓர் எழுத்தும் பிசகாமல் தந்தாள்: ஒரே நிலம், முகத்துக்கு நேர் முகம்.

மனம் சோர்ந்திருப்பவர்களே, அவளிடம் கேளுங்கள். கேட்டுவிட்டுச் சும்மா இராதீர்கள். அடுத்த நாள் உங்கள் கையில் என்ன வேலை கிடைக்கிறதோ அதைச் செய்து முடியுங்கள். எனக்கு அவள் தந்த பதில் அந்த வேலைக்குள்தான் இருந்தது.