அக்கா நம்பிய கொக்கோ

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருப்பவர்களில் பாதிப்பேர் அக்காவிடம் அறிவியல் படித்தவர்கள். மீதிப்பேர் அவரிடம் திட்டு வாங்கியவர்கள். இரண்டும் கிடைத்த தம்பி நான்.

அக்கா பிறந்தது முடிச்சூரில். அப்பா சீக்கிரமே காலமானதால், தானும் படித்து என்னையும் படிக்கவைத்து, தாம்பரத்தில் ஆசிரியையாகப் பணிபுரிந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. காரணம் கேட்டவர்களிடம் "நேரமில்லை" என்று சொல்லிவிடுவார்.

ஓய்வு பெற்றதும், படப்பைக்கு அப்பால் இருந்த எங்கள் தென்னந்தோப்பைக் கவனிக்கத் தொடங்கினார். அங்கே நெல் போட்டவர்கள் நடவுக்கு ஆள் கிடைக்காமல் திண்டாடிக்கொண்டிருந்தார்கள். ஆட்களெல்லாம் கம்பெனி பஸ் ஏறிவிட்டார்கள். சென்னையில் சிறிய அளவில் சாக்லேட் செய்யும் ஒருவர் உள்ளூர் கொக்கோவைத் தேடுவதாக அக்கா கேள்விப்பட்டார். தென்னை நிழலில் அது வளரும் என்றும் விசாரித்துத் தெரிந்துகொண்டார். அவர் பேச்சை நம்பிப் பக்கத்துத் தோப்புக்காரர் ஏழுமலை அண்ணனும் இன்னும் சில குடும்பங்களும் நெல்லை விட்டு, தங்கள் தென்னைகளுக்கு நடுவே கொக்கோ வைத்தார்கள்.

மரங்கள் காய்த்தன. முதல் அறுவடையில்தான் வினை வந்தது. சுத்தத்தில் அக்கா எப்படி என்று உங்களுக்கே தெரியும். காயை உடைத்து, விதையைச் சுற்றியிருந்த வெள்ளைச் சதையெல்லாம் போகக் கழுவி வெயிலில் காயவைக்கச் சொன்னார். சாக்லேட்காரர் ஒரு விதையைக் கடித்துப் பார்த்துவிட்டு மூட்டைகளைத் திருப்பி அனுப்பினார். அந்தச் சதையோடு பெட்டியில் போட்டுப் புளிக்கவைத்தால்தான் சாக்லேட் வாசனையே வருமாம்.

"இன்னா டீச்சர், இத்த நம்பி நெல்லையும் உட்டுட்டோம். வெட்டிட்டு வேற எதுனா வெச்சிக்கறோம்" என்றார் ஏழுமலை அண்ணன்.

"தப்பு என் மேல ஏழுமலை, மரத்து மேல இல்ல. அடுத்த காய்ப்பு வரைக்கும் கோடாலியத் தொடாதீங்க" என்றார் அக்கா.

அடுத்த காய்ப்பை, தன் கண் முன்னால் இருக்கட்டும் என்று, தான் குடியிருந்த ராஜகீழ்ப்பாக்கம் வீட்டுக்கே கொண்டுவந்து, மரப்பெட்டிகளில் கொட்டி வாழையிலையால் மூடினார். மறுநாளே கள்ளுக்கடை வாடை தெருமுனை வரை போனது. அதுவும் தேவாலயத்தின் ஞாயிறு பள்ளியில் குடியின் கேடு பற்றிப் பாடம் எடுத்தவர் வீட்டிலிருந்து! சபை மூப்பர் வந்துவிட்டார்.

"டீச்சர், ஜனங்க ஒரு மாதிரி பேசறாங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள இதை கிளியர் பண்ணிடுங்களேன்."

அக்கா அவர் கையைப் பிடித்து வாழையிலைமேல் வைத்தார். "சூடு தெரியுதா ஐயா? உள்ள வேலை நடக்குது. பாதியில எடுத்தா அந்தக் குடும்பங்களோட உழைப்பு வீணாப் போயிடும். என் பேரு கெட்டா கெடட்டும்."

மூப்பர் காப்பி குடித்துவிட்டுச் சங்கடத்தோடு கிளம்பினார். அந்த ஞாயிறு ஆராதனையில் அக்கா முன்வரிசையில் உட்கார்ந்தார். புடவையிலும் அதே வாடை. எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

அந்த விதையைச் சாக்லேட்காரர் வறுத்துப் பார்த்து, மொத்தமாக எடுத்துக்கொண்டார். வெட்டுகிற பேச்சு நின்றது. பெட்டிகள் தோப்புக்கே போயின. கடைசி மாதங்களில் படுக்கையில் இருந்தபடியே அக்கா போனில் எல்லோரையும் வேலை வாங்கினார்.

அடக்க ஆராதனை முடியும் முன்பே ஏழுமலை அண்ணன் குடும்பத்தோடு எழுந்து வெளியே போனார். கல்லறை வரை கூட வராமல் போகிறாரே என்று எனக்குக் கோபம். வாசலில் மறித்துக் கேட்டேன்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். பொட்டியில கொட்டை கீது, இன்னிக்கு கெளறியே ஆவணும். இல்லாட்டி பூஞ்சை புடிச்சிடும். டீச்சர் இருந்தா என்னை இங்க நிக்கவே உட மாட்டாங்க."

அதுவரை அழாமல் இருந்தவன் அங்கேதான் அழுதேன்.

அக்காவைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், வாடையைப் பொறுத்துக்கொண்ட தெருவினருக்கும், பிறகு எங்களுக்காகப் பரிந்து பேசிய மூப்பர் ஐயாவுக்கும், கல்லறைத் தோட்டம் வரை உடன்வந்த அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. வராமல் தோப்புக்குப் போனவர்களுக்கு, அக்காவின் சார்பில், முதல் நன்றி.